மூலைக்கு மூலை: பாலம் கட்டினால் வடிவியல் வருமா?

ஒரு வாசகர் கேட்டது — 9 ஜூன் 2025, மாலை

என் மகள் நாகர்கோவிலில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 'செய்து கற்றல்' என்று சொல்லி ஐஸ் குச்சியில் பாலம் கட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். இரவு பதினொரு மணி வரை நானும் மனைவியும்தான் ஒட்டினோம், பிள்ளை தூங்கிவிட்டது. இதில் வடிவியல் எங்கே வருகிறது? நாங்கள் படித்தபோது வாத்தியார் கரும்பலகையில் வரைந்தார், தேற்றத்தை எழுதிப் படித்தோம், வந்தது. பாலம் கட்டி யாரும் கணக்குப் படித்ததாகத் தெரியவில்லை. வகுப்பில் நிற்கும் ஆசிரியர் யாராவது மறுத்துச் சொல்ல முடியுமா?

9 ஜூன், இரவு

பாதி மறுக்கிறேன். மீதிப் பாதிக்கு நானே சாட்சி.

திருவட்டாறு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினாறு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் நானும் ஐஸ் குச்சிப் பாலப் போட்டி நடத்தினேன். இருபத்திரண்டு பாலம் வந்தது. ஒன்றின் நடுவில் செங்கல் வைத்தேன், அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது செங்கலுக்கும் அசையவில்லை. முதல் பரிசு அதற்குத்தான். பரிசு வாங்கிய பையனிடம் இதில் என்னென்ன உருவம் இருக்கிறது என்று கேட்டேன். "பாலம் சார்" என்றான். கையில் எடுத்துப் பார்த்தால் குச்சியைவிடப் பெவிகால்தான் கனம். அவ்வளவு பசை காய்ந்தால் எந்த உருவமும் நிற்கும்.

ஆக உங்கள் வீட்டு இரவு வேலைக்கு என் அனுதாபம். மறுக்கும் பாதியை அப்புறம் எழுதுகிறேன், பாடக்குறிப்பு எழுதாமல் கிடக்கிறது.

11 ஜூன்

என் அப்பா ஆசாரி. கதவு நிலை செய்யும்போது நாலு சட்டத்தையும் பொருத்தி முடித்த கையோடு ஒரு மூலையில் சரிவாக ஒரு பட்டியலை, அதாவது மெல்லிய மரச் சட்டத்தை, வைத்து ஆணியடிப்பார். நிலையை நிறுத்தி, கொத்தனார் இரண்டு பக்கமும் சுவர் கட்டி ஏற்றும் வரை அந்தப் பட்டியல் அங்கேயே இருக்கும். அதற்கப்புறம்தான் பிடுங்குவார்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. இழைத்துப் பளபளவென்று நிற்கும் பலாமர நிலையில் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டதுபோல ஒரு பழைய பட்டியல். பார்க்கச் சகிக்கவில்லை. உதவி செய்வதாக நினைத்து ஆணியைப் பிடுங்கி அதைத் தூர எறிந்துவிட்டேன். மறுநாள் வண்டியில் ஏற்றி இறக்கியபோது நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்சதுரமாகிவிட்டது.

அடி விழும் என்று நின்றேன், விழவில்லை. அளவு நாடாவின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து மேல் மூலையில் பிடிக்கச் சொன்னார். அவர் எதிர்க் கீழ் மூலைக்குப் போனார். மூலைக்கு மூலை ஒரு அளவு. அப்புறம் மற்ற மூலைக்கு மூலை. ஒன்று இன்னொன்றைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல். "ரண்டும் ஒண்ணாகுற வரைக்கும் தள்ளுலே மக்கா" என்றார். நான் தள்ள, அவர் அளக்க, கொஞ்சம் கூடிப்போக, திரும்ப இழுக்க. கடைசியில் இரண்டும் ஒன்றாக நின்றபோது பட்டியலை வைத்து ஆணி இறக்கினார். இவ்வளவு நேரமும் நாலு பக்கமும் ஒரு நூல்கூட மாறவில்லை என்பது அப்போதே எனக்கு விசித்திரமாக இருந்தது. பக்கம் மாறாமலேயே உருவம் மாறுகிறதே!

பிறகு பள்ளியில் "செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம்" என்று எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டுப் படித்தோம். எனக்கு மட்டும் அந்த ஆணி ஞாபகம் வந்தது.

உங்களுக்கு என் பதில் இதுதான். கையால் செய்யும் வேலையில் வடிவியல் வர வேண்டுமானால் செய்தது ஒரு தடவை கோணலாகப் போக வேண்டும், அளந்து நிமிர்த்த வேண்டும். பசை கோணலை மறைத்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் வீட்டில் ஒன்றும் வரவில்லை.

11 ஜூன், பின்னிரவு

சாய்சதுரமென்றால் நாலு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமே, உங்கள் வீட்டுக் கதவு சதுரமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரிதான். நிலை ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம். சாய்ந்தால் இணைகரம். பதினாறு வருட அனுபவத்தை மேலே எதற்கு எழுதினேனோ தெரியவில்லை.

16 ஜூன்

மார்ஷ்மெல்லோவும் பல்குத்தும் குச்சியும் வைத்துக் கனசதுரம் கட்டும் காணொளியை இன்னொருவர் அனுப்பினார். எங்கள் ஊர்க் கடையில் மார்ஷ்மெல்லோ கேட்டால் எந்தக் கம்பெனி பிஸ்கட் என்று கேட்பார்கள். கிடைத்தாலும் முதல் மணியிலேயே கட்டுமானப் பொருள் வயிற்றுக்குள் போயிருக்கும்.

அதற்குப் பதிலாக ஊறவைத்த கொண்டைக்கடலை போதும். இது புதிதல்ல. குழந்தைகள் தோட்டம் என்ற பள்ளி முறையைத் தொடங்கிய ஜெர்மானியர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், பட்டாணியும் குச்சியும் வைத்து உருவம் கட்டுவதை 19-ம் நூற்றாண்டிலேயே தன் விளையாட்டுப் பொருள்களில் சேர்த்திருந்தார். கோளக் கூரைகளால் பேர்பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லர், கண்பார்வை மங்கலாக இருந்த சிறு வயதில் பள்ளியில் பட்டாணியும் குச்சியும் வைத்து முக்கோணங்களாகவே கட்டிக்கொண்டு போனதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் கண்ணால் பார்த்த வீட்டைப்போலப் பெட்டி பெட்டியாகக் கட்டினார்களாம். இவருக்குக் கண் தெரியாததால் கை சொன்னதைக் கட்டினார்.

கடலையின் வசதி, காயக் காயச் சுருங்கிக் குச்சியை இறுக்கிப் பிடிக்கும். ஒரு ராத்திரி ஊறினால் போதும், கூடினால் குத்தும்போது இரண்டாகப் பிளக்கும்.

ஆனால் ஜூனில் செய்யாதீர்கள். நம் மாவட்டத்துக்கு ரண்டு மழையும் உண்டு, முதல் மழை இப்போதுதான் பெய்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கட்டி அலமாரியின் மேல் வைத்தோம். திங்கள்கிழமை பார்த்தால் காயவில்லை, முளைவிட்டிருந்தது. கனசதுரத்தின் எட்டு உச்சியில் மூன்றில் வெள்ளை வால். அறிவியல் டீச்சர் வந்து அதைத் தன் பாடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

17 ஜூன்

எறும்பைச் சொல்ல விட்டுவிட்டேன். எறும்பு.

28 ஜூன்

இந்தத் தடவை வால்டியூப், அதாவது சைக்கிள் டியூபின் காற்று வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். சைக்கிள் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். கூடவே தீக்குச்சி அல்லது ஈர்க்கில். இந்த யோசனை அரவிந்த் குப்தாவுடையது. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர், 1970-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் வேலை பார்த்தபோது தீக்குச்சியையும் வால்டியூபையும் இணைத்துக் காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பொம்மை செய்து பத்மஸ்ரீ வாங்கலாம் என்று என் வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தென்னை ஈர்க்கிலைப் பத்துப் பத்து சென்டிமீட்டராக வெட்டினோம். டியூபை விரல் நகத்தளவு துண்டாக்கி இரண்டு பக்கமும் ஈர்க்கிலைச் செருகினால் மூட்டு ரெடி. மூன்றாவது ஒன்று சேர வேண்டிய இடத்தில் டியூபின் நடுவை முள்ளால் குத்தி அதற்குள் செருக வேண்டும். பசை கிடையாது, அதுதான் முக்கியம். மூட்டு நம் முழங்கை மாதிரி ஆடும்.

முதலில் நாலு ஈர்க்கிலில் ஒரு சதுரம். மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் தள்ளச் சொன்னேன். சாய்ந்தது. "சார், டைமண்ட் ஆயிட்டு." (இப்போது இது சாய்சதுரமே, யாரும் கை தூக்க வேண்டாம்.) அடுத்து மூன்று ஈர்க்கிலில் முக்கோணம். தள்ளினார்கள், நசுக்கினார்கள், ஒருத்தன் ஈர்க்கிலையே ஒடித்தான். உருவம் மாறவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். சதுரம் ஆடாமல் நிற்க இன்னும் எத்தனை ஈர்க்கில் வேண்டும்? நீளம் இஷ்டம்போல. ஒன்று குறுக்கே போட்டால் போதும், ஆக 5. ஐங்கோணத்துக்கு? இரண்டு குறுக்கு, ஆக 7. அறுங்கோணத்துக்கு? சண்டை. ஒரு குழு மூன்று என்றது, இன்னொரு குழு ஆறு மூலைக்கும் போட்டு விசிறி மாதிரி ஆக்கிவிட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றி எப்போது ஆடத் தொடங்குகிறது என்று பார்த்தோம். 9. கரும்பலகையில் 3, 5, 7, 9 என்று எழுதினேன். முன் வரிசைப் பிள்ளை ஒன்று, "மூட்டு ஒண்ணு கூடினா கம்பு ரெண்டு கூடுது சார், ஆனா தொடக்கத்துல மூணு கொறையுது" என்றது. மூட்டின் எண்ணிக்கையை இரட்டித்து மூன்றைக் கழி. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1864-ல் எழுதிய விதி அதேதான். மின்காந்தத்துக்குப் பேர்போன அதே மாக்ஸ்வெல். அவர் ஈர்க்கிலை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இன்னொன்று. சதுரத்தைத் திருப்பி முனையில் நிறுத்தினால் பாதி வகுப்பு அதையும் டைமண்ட் என்கிறது. தலைகீழாக நிற்கும் முக்கோணத்தை முக்கோணமே இல்லை என்று ஆறாம் வகுப்பிலும் சொல்கிறார்கள். காரணம் நாங்கள்தான், கரும்பலகையில் எப்போதும் ஒரே மாதிரி வரைகிறோம். கையில் கிடைக்கும் உருவத்துக்கு மேல் கீழ் கிடையாது. இதற்காக மட்டுமே வால்டியூப் வாங்கலாம்.

6 ஜூலை

"முக்கோணம்தான் நிற்கும் என்றால் என் வீட்டுக் கட்டில், மேசை, ஜன்னல் எதிலும் முக்கோணம் இல்லையே" என்று கேட்டவருக்கு. எனக்கும் இந்தக் கேள்வி வந்தது, அதுவும் மாத்தூரில் வைத்து, பிள்ளைகள் முன்னால்.

போன வருடம் பாலம் காட்டுகிறேன் என்று மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பறளியாற்றின் மேல், இரண்டு மலைக்கு நடுவே, 1966-ல் கட்டியது. 115 அடி உயரம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம், 28 தூண். மேலே தண்ணீர் ஓடும் தொட்டி, ஏழடி உயரம், ஏழரை அடி அகலம். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் முக்கோணத்தின் மகிமையைப் பாடிக்கொண்டு போனேன். இறங்கியதும் ஒரு பையன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "முக்கோணம் எங்க சார்?"

இல்லை. தூண், அதன்மேல் பெட்டி மாதிரித் தொட்டி, அவ்வளவுதான். கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம் என்று சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. நாலு பக்க உருவம் சாயாமல் இருக்க வழி மூன்று. ஒன்று, குறுக்கே கம்பு போடுவது. இரண்டு, மூலையையே ஆடாத மூலையாக்குவது. கான்கிரீட்டில் கம்பியை மூலை வளைத்துப் போட்டு ஒரே கட்டியாக வார்க்கிறார்களே, அது. முழங்கையில் மாவுக்கட்டுப் போட்டது மாதிரி. மூன்று, நடுவை அடைத்துவிடுவது. அட்டைப் பெட்டியின் மூடியையும் அடியையும் திறந்துவிட்டுத் தள்ளினால் மடங்கும், மூடி ஒட்டினால் மடங்காது. கதவு நிலையின் பட்டியலை அப்பா ஏன் சுவர் ஏறியதும் பிடுங்கினார் என்பதற்கும் விடை இதுதான். சுவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது.

அடுத்த நாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது முழுசாகச் சரியில்லை" என்று தொடங்கினேன். அவ்வளவு அமைதியாக அந்த வகுப்பு அதற்கு முன் இருந்ததில்லை.

7 ஜூலை

முக்கோணம் பார்க்க மாத்தூர் வேண்டாம், ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். முப்பந்தல் பக்கம் பழைய காற்றாலைகள் இரும்புச் சட்டக் கோபுரத்தின் மேல் நிற்கும், அடி முதல் முடி வரை குறுக்கும் நெடுக்கும் முக்கோணம். புதியவை குழாய்க் கோபுரம், அதாவது மேலே சொன்ன மூன்றாவது வழி. பழசு, புதுசு என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே வந்தார்கள். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

20 ஜூலை

28 ஜூன் அன்று எழுதியதில் ஒரு ஓட்டை. எண்ணிக்கை சரியாக இருந்தால் நிற்கும் என்று படும்படி எழுதிவிட்டேன். நிற்காது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரம், நடு ஈர்க்கில் பொது. மூட்டு 6, ஈர்க்கில் 7, விதிப்படி 9 வேண்டும், ஆக இரண்டு குறுக்கு. ஒரு குழு இரண்டையும் முதல் சதுரத்திலேயே பெருக்கல் குறி மாதிரிப் போட்டது. எண்ணிப் பார்த்தால் 9. தள்ளினால் முதல் சதுரம் கல் மாதிரி, இரண்டாவது ஊஞ்சல் மாதிரி. "கணக்கு வந்துட்டு சார், பாலம் வரல்ல."

இந்த ஒரு வரிக்காக நான் அந்தக் குழுவுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

9 ஆகஸ்ட்

கேட்டவர் மறுபடியும் வந்திருக்கிறார்: "சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் பரீட்சையில் எழுதுவார்களா?"

நியாயமான கேள்வி, பதில் சங்கடமானது. ஜூலைக் கடைசியில் ஒரு தேர்வு வைத்தேன். இணைகரத்தின் பண்புகளை எழுதுக. ஈர்க்கிலில் கில்லாடியாக இருந்த நாலைந்து பேர் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. கையில் தெரிந்தது வாயில் வரவில்லை, வாயில் வந்தது எழுத்தில் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டால் ஒருத்தன் இரண்டு பென்சிலும் இரண்டு ஸ்கேலும் எடுத்துச் செய்து காட்டினான்.

அதனால் இப்போது ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் கடைசிப் பத்து நிமிடம் எழுத்துதான். 'எதைத் தள்ளினேன், எது மாறியது, எது மாறவில்லை.' மூன்றே வாக்கியம். மூன்றாவது வாக்கியத்தில்தான் தேற்றம் ஒளிந்திருக்கும். முதல் மாதம் "நல்லா இருந்தது" என்று எழுதினார்கள். இப்போது "பக்கம் மாறவில்லை, கோணம் மாறியது, எதிர்க்கோணம் கூடவே மாறியது" என்று வருகிறது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் நீங்கள் சொன்னது சரியாகவே இருந்திருக்கும், விளையாட்டோடு நின்றிருக்கும்.

நேரமும் ஒரு பிரச்சினைதான். கரும்பலகையில் இருபது நிமிடத்தில் முடிவதற்கு எனக்கு மூன்று பீரியடு ஆகிறது. எல்லாப் பாடத்தையும் இப்படி எடுக்க முடியாது, நானும் எடுப்பதில்லை. வருடத்துக்கு நாலைந்து இடம் போதும். எண்கணிதத்தில் கொஞ்சம் வேகமாக ஓடி நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் ஈர்க்கில் கட்டைப் பார்த்து, பெருக்க ஆள் இல்லையா என்று கேட்டார். விளக்கவில்லை, பெருக்கிவிடுகிறோம் சார் என்றேன்.

23 ஆகஸ்ட்

வாலிபால் மைதானம் கோடு போட்டோம். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். அப்பா கொத்தனாராக இருக்கும் பையன் ஒருத்தன் கயிற்றில் மூன்றடி, நாலடி, ஐந்தடி முடிச்சுப் போட்டு முளையடித்து மூலை பிடித்தான். பிதாகரஸ் பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. எட்டாம் வகுப்பு வரும்போது "இது எங்க அப்பா கயிறு" என்பான், அதற்காகவாவது இருந்து பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை 20 மீட்டர் 12 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்று வந்தது, மற்றது 20 மீட்டர் 30. என் அப்பாவின் குரலில் "தள்ளுலே மக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். தரையைத் தள்ள முடியாது, முளையைத்தான் பிடுங்கி நட வேண்டும்.

12 அக்டோபர்

கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே, 77 மீட்டர், 2024 டிசம்பர் 30-ல் திறந்தது. எல்லாரும் காலடியில் கண்ணாடியையே பார்க்கிறார்கள். நான் பிள்ளைகளை மேலே பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் வளைவு இருக்கிறதே, அது எதற்கு?

மறுநாள் வகுப்பில் ஒரு நீள ஈர்க்கிலை வளைத்து மேசையில் நிறுத்தி நடுவில் விரலால் அழுத்தினோம். இரண்டு நுனியும் வழுக்கி விலகியது. நுனியில் ஒவ்வொரு புத்தகம் முட்டுக் கொடுத்தால் விலகவில்லை. புத்தகத்துக்குப் பதிலாக இரண்டு நுனியையும் நூலால் கட்டினாலும் விலகவில்லை. கடல் நடுவே பாறையை அப்படித் தள்ளிக்கொண்டிருப்பதைவிட, நடக்கும் தளத்தையே நூலாக்கிக் கட்டிவிட்டால் தள்ளுவது தனக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தப் பாலம் அந்த வகைதான்.

வட்டப் பாடத்தில் வில், நாண் என்று இரண்டு சொல் வருகிறது. இத்தனை வருடம் வட்டத்தின் ஒரு துண்டு, ஒரு கோடு என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஈர்க்கிலில் நூல் கட்டிய அன்று ஒரு பிள்ளை அம்பு வைத்து விட்டது. அட, வில்லும் நாணும்! சொல்லிலேயே இருந்திருக்கிறது. நாற்கரங்களில் 'பட்டம்' என்று ஒன்று இருப்பதும் அப்படித்தான், அதை மட்டும் பிள்ளைகள் எனக்கு முன்பே பிடித்துவிட்டார்கள்.

6 டிசம்பர்

நட்சத்திரம் கட்டும் மாதம். நம் ஊரில் டிசம்பர் பிறந்தால் எல்லா மதத்துப் பிள்ளையும் மூங்கில் சிம்பைத் தேடி அலையும். குடில் ஒரு பக்கம், நட்சத்திரம் ஒரு பக்கம். பிளாஸ்டிக் நட்சத்திரம் கடையில் மலிவாகத் தொங்கினாலும் கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரே நீளத்தில் ஐந்து சிம்பு. நுனிகளை மட்டும் கட்டினால் ஐந்து முனையும் வரும். ஆனால் தூக்கினால் நட்சத்திரம் குடித்தவன் மாதிரி ஆடும். அதனால் உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடத்திலும் கட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

8 டிசம்பர்

ஒரு பையன், "சார், ஒரு கட்டு போதும்" என்கிறான்.

உட்காருடா என்றேன். உட்காரவில்லை. ஐந்து முனையும் கட்டிய நட்சத்திரத்தில் உள்ளே ஒரே ஒரு வெட்டில் மட்டும் முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தான். மேசையில் வைத்துத் தள்ளினேன். அசையவில்லை. வேறு முனையைத் தள்ளினேன். அசையவில்லை.

ராத்திரி தாளில் வரைந்து பார்த்தேன். முனைகள் வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ. சிம்புகள் அ-இ, இ-உ, உ-ஆ, ஆ-ஈ, ஈ-அ. பையன் கட்டியது அ-இ சிம்பும் உ-ஆ சிம்பும் வெட்டும் இடம். அந்த முடிச்சு, இ, உ மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். ஆக மூன்று சிம்பு இறுகியது. அவை இறுகியதால் அ-வும் ஆ-வும் இனி விலகவும் முடியாது, நெருங்கவும் முடியாது. மீதி இரண்டு சிம்பு அ-விலிருந்தும் ஆ-விலிருந்தும் போய் ஈ-யில் சேர்கிறது. அதுவும் முக்கோணம். அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே சிம்பே கிடையாது, ஆனால் பக்கம் இருக்கிறது!

கம்பில்லாத பக்கம். வருடாவருடம் கையால் கட்டிய பொருளில் இது இருந்தது எனக்குத் தெரியாது.

9 டிசம்பர்

விதிப்படி ஐந்து மூட்டுக்கு 7 கம்பு வேண்டுமே, 5 சிம்பும் ஒரு முடிச்சும் எப்படிப் போதும் என்று மாக்ஸ்வெல் கட்சிக்காரப் பிள்ளை ஒன்று சண்டைக்கு வந்தது. முடிச்சு இரண்டு வேலை பார்க்கிறது. அந்த இடத்தில் ஒரு சிம்பு மற்றதின்மேல் நீளவாக்கில் வழுக்கவும் விடாது, குறுக்குவாக்கில் விலகவும் விடாது. ஒரு முடிச்சு இரண்டு கம்புக்குச் சமம். கணக்கு நேராகிவிட்டது.

14 டிசம்பர்

நேராகவில்லை. ஒற்றை முடிச்சு நட்சத்திரத்தை வராந்தாவில் தொங்கவிட்டோம். காற்றில் இரண்டு நாளில் கோணிவிட்டது. முடிச்சு அவிழவில்லை, சிம்பின்மேல் வழுக்கியிருக்கிறது. வழுக்கும் முடிச்சு ஒரு வேலைதான் பார்க்கும், இரண்டில்லை. முடிச்சு விழும் இடத்தில் கத்தியால் சின்ன வெட்டுக் கொடுத்துக் கட்டினோம், நிற்கிறது. ஐந்து இடத்திலும் கட்டச் சொன்ன பழைய ஆட்களுக்குக் கணக்குத் தெரியாது என்று எட்டாம் தேதி மனதுக்குள் நினைத்தேன். அவர்களுக்குக் காற்றைத் தெரியும்.

வெட்டு எந்த இடத்தில் என்று கேட்பீர்கள். ஒரு மீட்டர் சிம்பானால் இரண்டு நுனியிலிருந்தும் 38.2 சென்டிமீட்டரில். முனை ஒவ்வொன்றும் 36 பாகை வரும். கோணலாகக் கட்டினால் ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு அளவு, ஆனால் ஐந்தையும் கூட்டினால் 180-தான். நம்பாதவர்கள் தாளில் கோணல் நட்சத்திரம் ஒன்று வரைந்து ஐந்து முனையையும் கிழித்துப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள், நேர்கோடு வரும்.

அளவுகோலே வேண்டாம் என்று ஒரு பிள்ளை வேறொன்று காட்டியது. ஓலைக் கீற்றை ஒரே அகலத்தில் கிழித்து, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, மெதுவாக இழுத்து மடிப்பு விழ அமுக்கியது. ஒழுங்கு ஐங்கோணம். அவளுடைய ஆச்சி ஓலையில் கிலுக்கு (கிலுகிலுப்பை) முடையும்போது கற்றதாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே நட்சத்திரத்தின் கோடுகள்கூடத் தெரிகிறது, ஒரு கோடு மட்டும் குறையும்.

21 டிசம்பர்

ஒரு நட்சத்திரம் தட்டையாக இருந்தால் பல்பு எங்கே வைப்பது? இரண்டு நட்சத்திரத்தை முனையோடு முனை கட்டி, உள்ளே ஐந்து வெட்டிலும் சாண் நீளக் குச்சி முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பும். மாக்ஸ்வெல் கட்சி இதற்கும் விதி கேட்டது. தட்டையானதற்கு இரட்டித்து மூன்றைக் கழித்தோம், உப்பியதற்கு மூன்றால் பெருக்கி ஆறைக் கழிக்க வேண்டும். கனசதுரத்தில் சோதித்துப் பாருங்கள் என்று விடுமுறைக்கு அனுப்பிவிட்டேன். எட்டு மூட்டு, 18 கம்பு, விளிம்பு 12-தான், மீதி ஆறும் எங்கே போகும்? கேட்டவரின் மகளும் முயன்று பார்க்கலாம். அப்பா தூங்கிய பிறகு.

26 டிசம்பர்

மகள் செய்துவிட்டாளாம். முகத்துக்கு ஒரு குறுக்கு. ஆறு முகம். தகப்பனாரைக் கூப்பிட்டு ஒரு குறுக்கைக் கழற்றித் தள்ளிக் காட்டினாளாம். "நான் ஒட்டிய பாலத்தையும் கேட்டாள், பரணில் இருக்கிறது, தரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

பையனின் நட்சத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது, கை நடுங்கும், ஆனால் எதைக் கொடுத்தாலும் முதலில் மூலையைத்தான் பிடித்துத் தள்ளுவார். தள்ளினார். நின்றது. முடிச்சைக் கண்ணருகே கொண்டுபோனார். வெட்டை நகத்தால் தடவினார்.

"கொள்ளாம்" என்றார். அப்புறம், "நைலான் நூல் போட்டிருக்கான். சணல் போடச் சொல்லு. நனைஞ்சா இறுகும்."